விரிசல் விட்ட ரேடியேட்டர்: ஒட்டி ஓட்டியதும் மாற்றி ஓட்டியதும்

என்னுடையது 2013இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். குடியிருப்பது சேலத்தில், வாரத்துக்கு ஒருமுறையாவது தர்மபுரி போய்வர வேண்டிய வேலை. எனவே தொப்பூர் கணவாய் ஏற்றம் இந்த வண்டிக்கு அத்துப்படி. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரில் விரிசல் விட்டது. அதை 2021இல் ஒட்டவைத்து 14 மாதங்கள் ஓட்டினேன். பிறகு மாற்றிவிட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. இரண்டு பாடும் பட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் என் மனைவி. “காருக்குள் பாகு காய்ச்சுகிற வாசம் வருகிறதே” என்றார். நான் பின் இருக்கையில் தின்பண்டம் ஏதாவது கொட்டியிருக்கிறதா என்று தேடினேன். எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் சூடான பாகங்களில் பட்டால் அப்படித்தான் இனிப்பாக மணக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. (அது நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் பிழைப்பது கடினம். உடனே கழுவிவிடுங்கள்.) இரண்டு வாரங்களாகக் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே இருந்தது. நான் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தில் எவ்வளவு உப்பு படியவைக்கும் என்பது தெரிந்திருந்தும் ஊற்றினேன். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதே உப்புதான் படியும்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, மேல் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்குப் பக்கத்தில், கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. அதன் ஓரத்தில் பச்சைப் பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே ஈரம்.

ஒட்டலாம் என்று நான் முடிவெடுத்ததற்கு என் அப்பாவின் அம்பாசடர்தான் காரணம். அதன் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. ஒழுகினால் பட்டறையில் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். காற்றடித்துப் பார்த்து, குமிழி கிளம்பும் இடத்தில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். மறுநாள் வண்டி ஓடும். ரேடியேட்டரை மாற்றுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. ஆனால் இன்றைய பெரும்பாலான கார்களில் நடுவில் இருக்கும் கோர் மட்டுமே உலோகம், அதுவும் அலுமினியம். இரு முனைகளிலும் உள்ள டேங்குகள் கண்ணாடி இழை கலந்த நைலான். இடையில் கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் கேஸ்கெட்; அலுமினியத் தகட்டின் பற்களை மடித்து டேங்கை இறுக்கியிருப்பார்கள். நைலானில் ஈயம் எங்கே ஒட்டப்போகிறது?

பட்டறைக்காரர் விரிசல் ஓடிய வழியில் சிறு பள்ளம் தோண்டினார். சூட்டுக்கோலால் நைலான் பட்டையை உருக்கி ஊற்றி, மெல்லிய கம்பி வலையைப் பதித்து, மேலே எபாக்ஸி பசை பூசினார். கூலி 1,100 ரூபாய். வேலை முடிந்ததும் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “ஆறு மாதம் ஓடினாலே லாபம் சார். ஊருக்குள் ஓட்டுவதென்றால் சரி. ஏற்றத்துக்கு நான் பொறுப்பில்லை.” அதில் முதல் வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அந்த 14 மாதங்களில் ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஆனால் நான் மாறிப்போனேன். சாலையைப் பார்த்த நேரத்துக்குச் சமமாக வெப்பமானியின் முள்ளைப் பார்த்தேன். ஏற்றம் வந்தால் ஏசியை அணைத்தேன். பின்னால் எப்போதும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். ஒருமுறை பெங்களூருவில் நடந்த கல்யாணத்துக்குக் காரை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனோம். காரணம் கேட்ட உறவினர்களிடம் பார்க்கிங் கிடைக்காது என்று சொல்லிச் சமாளித்தேன்.

2022 ஏப்ரலில், நண்பகல் வெயிலில், தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது முள் நகரத் தொடங்கியது. எங்கோ படித்த ஞாபகத்தில் ஹீட்டரை முழு வேகத்தில் திருகினேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே எடுத்துவிடும். ஏப்ரல் மாதச் சேலத்து வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு கார் ஓட்டியவன் நானாகத்தான் இருப்பேன். நல்ல அனல் காற்று வந்தது. முள்ளும் ஒரு கணம் நின்றது. பிறகு திடீரென்று அந்தக் காற்று குளிர்ந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உண்மையில் ஹீட்டருக்குள் சுற்ற வேண்டிய தண்ணீரே தீர்ந்துபோனதன் அறிகுறி அது. பானெட்டின் இடுக்கில் ஆவி கிளம்பிய பிறகுதான் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன்.

ரேடியேட்டர் மூடி உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. டேங்க் பிளந்தவுடன் அழுத்தம் இறங்கிவிடுகிறது. நூறு டிகிரியைத் தாண்டி அமைதியாக இருந்த தண்ணீர் ஒரே நொடியில் கொதித்து ஆவியைக் கிளப்புகிறது. சின்னக் கசிவுதானே, ஊற்றி ஊற்றி ஓட்டிவிடலாம் என்ற என் கணக்கு தவறியது இங்கேதான். பின்னால் நிறுத்திய லாரி ஓட்டுநர் ஓடிவந்து, “தம்பி, மூடியில் கை வைக்காதீர்கள்! தண்ணீரும் ஊற்றாதீர்கள்!” என்று தடுத்தார். அவர் வராவிட்டால் நான் இரண்டையும் செய்திருப்பேன்.

வண்டியைக் கட்டி இழுத்துவர 2,800 ரூபாய். பட்டறையில் முதலில் ஆயிலைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காபி நிறத்தில் இருக்குமாம்; அப்படியில்லை. எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளையவில்லை, அதனடியில் இருக்கும் கேஸ்கெட்டும் போகவில்லை. போயிருந்தால் இருபதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். ஆவி கிளம்பியதும் அணைத்ததால் தப்பித்தது. அடுத்த வளைவில் நிழல் இருக்கும் என்று ஓட்டிப் போயிருந்தால் இந்தக் கட்டுரையின் தொகையே வேறு.

கழற்றிய ரேடியேட்டரைத் தரையில் வைத்துப் பார்த்தோம். பழைய ஒட்டு கல் மாதிரி அப்படியே இருந்தது. பிளந்திருந்தது அதற்கு நான்கு விரல் தள்ளி, யாரும் தொடாத இடம். பட்டறைக்காரர் டேங்கின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். முறுக்கு ஒடிவதுபோல் ஒரு துண்டு கையோடு வந்தது. ஒன்பது ஆண்டுகள் கொதித்து ஆறிக் கொதித்து ஆறி, நைலான் முழுவதும் மொறுமொறுத்துப் போயிருந்தது. நான் விரிசலைக் காயம் என்று நினைத்துக் கட்டுப் போட்டிருந்தேன். அது முதுமை.

இந்த முறை மூன்று வழிகள் இருந்தன. டேங்கை மட்டும் மாற்றினால் 1,400. ஆனால் மடித்த அலுமினியப் பற்களை நிமிர்த்தி மறுபடி மடித்தால் சில ஒடிந்துவிடும் என்று அவரே தயங்கினார்; குழாய்களிலோ நான் ஊற்றிய உப்பு. கார் நிறுவனத்தின் உதிரிபாகம் 6,200, ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும். வெளித் தயாரிப்பு 3,600, அன்றே கிடைக்கும். வெளித் தயாரிப்பையே வாங்கினேன். கூடவே மூடி, மேல் ஹோஸ், சூட்டுக்கு ஏற்பக் கூலன்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றச் சொன்னேன். எப்படியும் கூலன்டை வடிக்கத்தான் போகிறோம், கூலி ஒன்றுதான். கூலன்டும் கூலியும் சேர்த்து 6,900 ரூபாய் ஆனது. முன்பு கொடுத்த 1,100, இழுவைக்கு 2,800, வீணான கூலன்ட் எல்லாவற்றையும் கூட்டினால், முதல் நாளே நிறுவனப் பொருளை வாங்கியிருக்கலாம்.

அதன் பிறகு 32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முள் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, ஏற்றத்தில் ஏசி ஓடும்போதும். இத்தனை காலத்தில் டப்பாவில் ஊற்றிய கூலன்ட் மொத்தம் அரை லிட்டர் இருக்காது. குறையும் உண்டு: மின்விசிறிக் கூட்டின் கீழ்க் கிளிப் புதிய ரேடியேட்டரில் சரியாகப் பொருந்தவில்லை. பட்டறைக்காரர் பிளாஸ்டிக் கட்டுப் பட்டையால் இழுத்துக் கட்டினார். பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது; இதுவரை அவிழவில்லை.

ஒட்டுவதே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். செம்பு ரேடியேட்டர் உள்ள பழைய வண்டியோ டிராக்டரோ என்றால் தயங்காமல் ஈயம் வைக்கலாம். கல் தெறித்து ஒரு குழாய் மட்டும் ஓட்டையானால் அலுமினியத்தையும் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வண்டி இரண்டு மூன்று வயதுதான், எங்கோ இடித்ததில் டேங்க் உடைந்தது என்றால் டேங்கை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். முதலில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மூடி வாயில் கைப்பம்பைப் பொருத்தி ஒரு பார் ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் அதன் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். ஹோஸ் கிளிப் தளர்ந்ததை விரிசல் என்று சொல்லி ரேடியேட்டரையே மாற்றவைத்த கதை என் நண்பருக்கு நடந்தது. ஆனால் எட்டு வயது தாண்டிய நைலான் டேங்கில், இடிபடாமல் தானாக விரிசல் வந்திருந்தால், ஒட்டுக்கு நான் இனி ஒரு ரூபாயும் தரமாட்டேன்.

பழைய ரேடியேட்டரைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். பிளாஸ்டிக்கைப் பெயர்த்துத் தனியே எறிந்துவிட்டுத்தான் கடைக்காரர் அலுமினியத்தைத் தராசில் வைத்தார். அப்போதும் அந்த 1,100 ரூபாய் ஒட்டு மட்டும் உடையவில்லை.