தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு திருவருகைக்காலத் தியானம்: மதிப்புரை

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் பிறந்துவிட்டால் குடில், நட்சத்திரம், பலகாரம் என்று வீடுகள் பரபரப்பாகிவிடும் நமது கடற்கரைப் பங்குகளில் (கத்தோலிக்கக் கோவில் சமூகங்களில்), அக்காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தி பெத்லகேமைப் பற்றியதன்று, உலக முடிவில் நிகழும் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட ஓர் ஊர்க் கோவிலில் கடந்த டிசம்பரில் மூன்று மாலை நடந்த தியானம் இந்தக் குறையை நேராகவே எடுத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் நடத்தினார். கட்டணம் எதுவும் இல்லை. வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும் இருந்தது.

முதல் மாலை மத்தேயு 24ஆம் அதிகாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நாளையும் வேளையையும் தந்தையைத் தவிர வேறு எவரும் அறியார் என்னும் 36ஆம் வசனத்தை நடுவில் வைத்து, நாள் குறிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் நாளை ஆண்டவர் வரும் நாளாக எதிர்பார்த்திருந்து ஏமாந்த வரலாற்றையும் கூறினார். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டைப் பார்த்துவிட்டு வள்ளத்தைக் கரையேற்றுவதுபோல, ஆண்டவரின் நாளுக்கு முன்னறிவிப்புக் கூண்டு எதையும் எதிர்பார்க்க முடியாது என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள்.

அன்று என்னை மிகவும் தொட்டது தனுஷ்கோடியைப் பற்றி அவர் பேசிய விதம். 1964 டிசம்பர் புயலில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்றும் இந்தக் கரையில் இருக்கின்றன. அந்த அழிவைப் பாவத்துக்கு வந்த தண்டனை என்றும் உலக முடிவின் அடையாளம் என்றும் பேசுகிறவர்கள் உண்டு. குருவானவர் லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து, சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே சொன்னதை நிதானமாக வாசித்தார். இறந்தவர்கள்மீது பழி போடாமல், உயிரோடு இருப்பவர்களை மனம் மாறச் சொல்லும் பகுதி அது. ஆறுதலும் எச்சரிக்கையும் ஒரே பகுதியில் இருப்பதை இவ்வளவு பொறுப்போடு எடுத்துச் சொல்லி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இரண்டாம் மாலைதான் இத்தியானத்தின் உயிர். மத்தேயு 25இல் உள்ள பத்துத் தோழியர், தாலந்துகள், இறுதித் தீர்ப்பு ஆகிய மூன்று பகுதிகளையும் தனித்தனியாகப் பிரிக்காமல், மணமகனுக்காகக் காத்திருந்த தோழியரின் விளக்குக்குத் தேவைப்பட்ட எண்ணெய் என்பது என்ன என்ற கேள்விக்கு அடுத்த இரண்டு பகுதிகளே விடை தருகின்றன என்று அவர் விளக்கினார். பசித்தவருக்கு உணவும் அன்னியருக்கு இடமும் கொடுப்பதே அந்த விடை என்றவர், அதை ஏலக்கூடம்வரை கொண்டுவந்தார். மீனவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அதைக் காரணம் காட்டி மீன் விலையைக் குறைக்கும் வியாபாரி, படகில் வந்தவருக்குச் சேர வேண்டிய பங்கைத் தள்ளிப்போடும் உரிமையாளர், எடையில் குறைக்கும் தராசு என ஒவ்வொன்றாகச் சொல்லி, வரிதண்டுபவரான சக்கேயு ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததை நினைவூட்டினார். வருகைக்கு ஆயத்தம் என்றால் செபமாலை எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது கனமான போதனை. முடிவு நெருங்கிவிட்டது என்று வேலையை விட்டுத் திரிந்தவர்களைத் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுல் கண்டித்ததையும் சேர்த்துச் சொன்னது நல்லது.

ஆனால் இந்தப் போதனையை முதலில் கேட்க வேண்டியவர்களில் பாதிப்பேர் அன்று கோவிலில் இல்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளில் அந்த மாலை அமைந்துவிட்டதால், ஆண்கள் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. நேரமும் இரவு 9 மணியைத் தாண்டியது. விடியுமுன்னே பாசி எடுக்கக் கிளம்பும் பெண்கள் இடையிலேயே எழுந்து போக வேண்டியதாயிற்று.

இன்னொரு குறை போதனை சார்ந்தது. அத்தி மரத்தைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள் என்று அதே 24ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறாரே, அப்படியானால் அடையாளங்களைக் கவனிக்க வேண்டுமா, வேண்டாமா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நேரமில்லை என்று அந்தக் கேள்வி ஒத்திவைக்கப்பட்டு, பிறகு எடுக்கப்படவே இல்லை. அடையாளங்கள் விழிப்பைத் தூண்டவே தரப்பட்டன, நாளைக் கணக்கிட அல்ல என்று இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் போதும். இங்கே விடை கிடைக்காத பிள்ளைகள் அதை யூடியூபில் தேடுவார்கள். அங்கே நாள் குறிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாம் மாலை குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணை ஆராதனையும் நடந்தன. பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரே குருவானவர் இருந்ததால் வரிசை நீண்டது. பக்கத்துப் பங்குகளிலிருந்து இருவரையாவது அழைத்திருக்கலாம். விற்ற சிற்றேட்டில் மறையுரையின் சாரம் இருந்தாலும் வசன எண்கள் இல்லாததால், வீட்டில் அண்டை வீட்டார் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு அதைப் பயன்படுத்துவது கடினம்.

இக்குறைகளோடும் இத்தியானத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடுத்த முறை மூன்று மாலைகளையும் அடுத்தடுத்து வைக்காமல், படகு கரையில் நிற்கும் நாள்களாகப் பார்த்துப் பிரித்து வைக்கலாம். இரண்டாம் மாலைப் போதனையை மட்டுமாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னொரு முறை நடத்தினால், உரிமையாளரும் படகுத் தொழிலாளரும் வியாபாரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்க முடியும் என்று பங்குப் பேரவையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.