பாம்பெர்க் புகை மால்ட்: மருந்து நெடிக்குக் காரணம் தண்ணீர்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வையர்மன் நிறுவனத்தின் பீச் மரப்புகை மால்ட்டை (பீச் மரப் புகையில் உலர்த்திய, முளைகட்டிய பார்லி) வீட்டில் காய்ச்சும் பீருக்குத் தயங்காமல் வாங்கலாம். 20 லிட்டருக்கான 5 கிலோ தானியத்தில் பாதி இதுவாக இருந்தாலே புகை தெளிவாகத் தெரியும். முழுக்க இதையே போட்டாலும் தாங்கும். மூட்டையைப் பிரித்ததும் புகையூட்டிய பன்றி இறைச்சி வாசம் மூக்கில் ஏற வேண்டும். ஏறவில்லையா, பழைய சரக்கு. புகை நாள்பட மங்கிவிடும்.

பீரில் பிளாஸ்திரி நெடி அடித்தால் மால்ட்டைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது குழாய்த் தண்ணீரின் குளோரின், பீரில் உள்ள பீனால் என்ற வாசனைச் சேர்மத்தோடு சேர்ந்து செய்யும் வேலை. வந்த நெடி போகாது, முன்பே தடுக்க வேண்டும்: 20 லிட்டர் தண்ணீருக்குக் கால் கேம்ப்டன் மாத்திரையை (குளோரினை நீக்கும் சல்பைட் மாத்திரை) நொறுக்கிக் கலக்கினால் போதும். லாகர் ஈஸ்ட்டில் (குளிரில் நொதிக்கும் வகை) கிராம்பு வாடை வந்தால் காட்டு ஈஸ்ட் (நாம் சேர்க்காமல் தானே நுழைவது) புகுந்திருக்கலாம். பீர் ஓடும் பழைய குழாய்களை மாற்றுங்கள். பீச் மரப்புகை மால்ட்டுக்குப் பதிலாகப் பீட் (சதுப்புநிலத்தில் மட்கிய தாவரப் படிவு) புகை மால்ட்டை இதே அளவு போட்டால் தார் வாடைதான் மிஞ்சும்.