ஸ்டியரிங் அலைகிறதா? ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்ற விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பட்டறையில் பத்து சக்கர லாரி ஒன்றுக்கு நடந்த வேலை இது. பட்டறையின் பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று தெரிந்தால் போதும், இதே பில்லை இன்னொருவர் கட்டாமல் இருக்கலாம்.

வண்டி நேர் ரோட்டில் நேராக ஓடவில்லை. 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் அலையும், டிரைவர் ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். பட்டறையில் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "பாக்ஸ் போயிடுச்சுண்ணா, மாத்திடலாம்" என்றார்கள். பாக்ஸ் என்றால் ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கியர் பெட்டி. ரீகண்டிஷன் பாக்ஸ் 38,000, கூலி 5,500, அலைன்மென்ட் 1,800. மொத்தம் 45,300 ரூபாய். பழைய பாக்ஸை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்த வண்டி காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் மறுபடி அலைந்தது. திரும்பக் கொண்டுபோனதற்கு, பாக்ஸின் உள்ளே பல் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவை இறுக்கி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஸ்டியரிங் நடுவில் கெட்டியாகப் பிடித்தது, அலைச்சலும் அப்படியே இருந்தது. சரக்கோடு தொப்பூர் கணவாயில் இறங்கும் வண்டி அது. அதை அப்படி அனுப்ப எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை.

முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "எப்போதிலிருந்து இப்படி?" அதை யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாள் முன்பு முன்பட்டை (முன் ஆக்சிலில் இருக்கும் லீஃப் ஸ்பிரிங்) இரண்டு பக்கமும் இறக்கி, மெயின் பட்டை மாற்றிக் கட்டியிருக்கிறது. அன்றிலிருந்துதான் அலைச்சல்.

அலைச்சல் இரண்டு ரகம். ஸ்டியரிங்கில் பிளே, அதாவது சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா திரும்பும் அளவு, அதிகமாகி வருவது ஒன்று. பிளே சரியாக இருந்தும் வண்டி நேராக ஓடாதது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எனவே பிளேவை அளக்காமல் எதையும் கழற்றக் கூடாது. வண்டி தரையில் நிற்க, சக்கரம் நேராக இருக்க, பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஓடவிட்டு, முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பி, விளிம்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்துப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 98 அனுமதிக்கும் எல்லை 30 டிகிரி. 50 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கில் அது ஏறக்குறைய 13 செ.மீ. அது சட்டத்தின் கடைசி எல்லை, நல்ல வண்டியின் அளவு அல்ல. இந்த லாரியில் வந்தது 4 செ.மீ. மட்டுமே. பாக்ஸைச் சந்தேகப்பட அங்கே காரணமே இல்லை.

பிளே அதிகம் இருந்தால் அது எந்த இடத்தில் என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கிளீனரை உட்காரவைத்து ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் திரும்பியும், பாக்ஸிலிருந்து தொங்கும் கையான டிராப் ஆர்ம் அசையாமல் நின்றால் பாக்ஸில் பிளே. பாக்ஸே சேஸிஸோடு சேராமல் அசைந்தால் மவுன்டிங் போல்ட் லூஸ். பாக்ஸ் மேல் பழி போடும் கேஸ்களில் இதுவும் வரும். டிராப் ஆர்ம் அசைந்தும் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடான டிராக் லிங்க் பின்தங்கினால் அந்த பால் ஜாயின்ட்டில் பிளே. இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் எண்டைக் கையால் மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டும். கம்பி வைத்து நெம்பிக் காட்டினால் நம்பாதீர்கள், நல்ல ஜாயின்ட்டும் அப்படி ஆடும். ராடு தன் அச்சில் லேசாக உருளுவதும் குறை இல்லை.

முன்சக்கரம் இடது வலது திரும்பும் அச்சாணிதான் கிங் பின். அதைப் பார்க்க, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் புஷ். இரண்டு நிமிஷ வேலை, இதற்குக்கூட அங்கே ஜாக்கி போடவில்லை.

டயர் காற்று, முன்னால் ரேடியலும் நைலானும் கலந்து போட்டிருப்பது, இவற்றை எல்லாவற்றுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். செலவே இல்லை.

பிளே இல்லாமல் அலைகிறது, வளைவில் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை என்றால் காஸ்டரை, அதாவது கிங் பின்னின் சாய்வைப் பாருங்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு, ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். லாரியில் கிங் பின்னின் தலை அதே மாதிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு எத்தனை டிகிரி என்பது வண்டியின் மேனுவலில் இருக்கும். அந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைப்பது.

இந்த வண்டியில் பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு போல்ட்டைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆப்பின் ஒரு முனை 3 மி.மீ., மறுமுனை 8 மி.மீ. தடித்த முனை பின்பக்கம் இருக்க வேண்டியது, இரண்டு பக்கமும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தது. 2 டிகிரி ஆப்பைத் திருப்பி வைத்தால் போவது 2 இல்லை, 4 டிகிரி. 3 டிகிரி இருந்த காஸ்டர் மைனஸ் 1 ஆகிவிடும். பிறகு எந்தப் பாக்ஸை மாற்றினாலும் அந்த வண்டி நேராக ஓடாது. பட்டை இறக்கும் முன் ஆப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று சாக்பீஸில் ஒரு அம்பு போட்டிருந்தால், அல்லது போனில் ஒரு படம் எடுத்திருந்தால், இத்தனையும் மிச்சம்.

1,800 வாங்கிய அலைன்மென்ட்டில் இது தெரிந்திருக்க வேண்டாமா? பிரிண்ட் கேட்டு வாங்கிப் பார்த்தால் டோ (முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் எழுதியிருக்கிறது, காஸ்டர் கட்டம் காலி. பல இடங்களில் அலைன்மென்ட் என்றால் டை ராடைத் திருகுவது மட்டும்தான். பணம் கொடுக்கும் முன் காஸ்டர் அளவு, இடது வலது தனித்தனியாக, பிரிண்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப்பைத் திருப்பி, நான்கு யு போல்ட்டும் புதிதாகப் போட்டுக் கட்டியாயிற்று. பழைய யு போல்ட் நீண்டிருக்கும், திரும்பப் போடக் கூடாது. வண்டியின் எடை ஆக்சில் மேல் இருக்கும்போது, குறுக்கு மறுக்காக, டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். லோடோடு 500 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை. அலைச்சல் அன்றே நின்றது. ஆனால் ஸ்டியரிங் நடுவில் பிடிப்பது நிற்கவில்லை. டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸை நடுவில் வைத்து அட்ஜஸ்டிங் ஸ்குரூவை உரிய அளவுக்குத் தளர்த்திய பிறகுதான் அது போனது. வண்டியில் மாட்டியபடியே, அளவு பார்க்காமல் அந்த ஸ்குரூவை இறுக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே பல் தேய்ந்துவிடும்.

பாக்ஸ் கழற்றுவதற்கு முன்பே "பழசு எனக்கு வேணும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரே லாரி வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வண்டிக்கு வெள்ளைத் தாளில் எழுதிய கணக்குதான் கையில் இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாத அந்தப் பழைய பாக்ஸைக் கேட்டால், "அது அப்பவே போயிடுச்சுங்க" என்கிறார்கள்.