பழைய பென்ஸ்: அப்படியே விற்பதா, பெயின்ட் அடித்து விற்பதா?

1995-இல் புனேயில் அசெம்பிள் ஆகத் தொடங்கிய மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ124 மாடல் கார். ஒயரிங், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் எல்லாம் மாற்றியாயிற்று. ஆனால் கதவடியில் துரு, பானெட்டில் வெளிறல். எப்படி விற்பது?

செலவு
அப்படியே: வாட்டர் வாஷோடு முடிந்தது.
பெயின்ட்: துருவை வெட்ட ஆரம்பித்தால் பில் எங்கே நிற்கும் என்று டிங்கரால்கூடச் சொல்ல முடியாது.

நம்பிக்கை
அப்படியே: குறை கண்ணெதிரே தெரியும். அந்த வருடங்களின் இன்ஜின் ஒயரிங் உறை சூட்டில் பொடிந்துபோகும் என்பது இந்தக் கார் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை மாற்றிய பில்லைக் காட்டுங்கள், பாதி பேரம் முடிந்த மாதிரி.
பெயின்ட்: "அடியில் எதை மறைத்தார்கள்?" என்றுதான் விவரம் தெரிந்தவர் கேட்பார்.

விலை
பழுதுக்குப் போட்ட பணம் இரண்டிலும் முழுதாகத் திரும்பாது. பெயின்ட் அடித்தால் கூடுதலாகக் கேட்கலாம்; அது பெயின்டர் கூலிக்கே சரியாகிவிடலாம்.

வாங்குபவர் தானே ஓட்டி ரசிப்பவர் என்றால் அப்படியே கொடுங்கள், நான் அதைத்தான் செய்வேன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர் என்றால் பெயின்ட் அவசியம். எதுவானாலும், 15 வருடம் தாண்டிய ஆர்சியை (வண்டிப் பதிவுச் சான்று) முதலில் புதுப்பித்துவிடுங்கள். அப்புறம் விளம்பரம் போடலாம்.