மெனுவில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டிருந்ததை நம்பினேன்

வீட்டில் யாருக்காவது கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்து, விடுமுறைக்கு மலைப்பக்கம் போகிற யோசனையும் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஹோட்டலின் பெயரைப் போடப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை, காரணம் வேறு; அதையும் சொல்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய். சின்ன வயதில் வயிறு உப்பியே இருக்கும், உயரமும் ஏறாது. எல்லோரும் பூச்சி என்றார்கள். நாங்களும் பூச்சி மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளினோம். ஆறு வயதில்தான் ஒரு டாக்டர் டிடிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. குளூட்டன் என்ற புரதம் இருக்கிற கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது, அதுதான் வைத்தியம். வட இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாப், ஹரியானா பக்கம், இது ஓரளவு தெரிந்த நோய். நம் ஊரில் சொன்னால் "அலர்ஜிதானே, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, பழகிடும்" என்பார்கள். அலர்ஜி இல்லை. கோதுமை உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கும். பழகாது.

"இட்லி தோசை ஊரில் இருந்துகொண்டு இதற்கு என்ன கஷ்டம்?" என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். பெருங்காயத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. கடையில் விற்கிற தூள் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் இல்லை. அசல் பிசினின் காரம் தாங்காது என்பதால் கருவேலம் பிசினும் மாவும் கலந்துதான் விற்கிறார்கள். பல கம்பெனிகளில் அந்த மாவு மைதாதான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். ஆக, ஹோட்டல் சாம்பார், ரசம், பொங்கல், வடை, தாளித்த தயிர்சாதம் எல்லாமே எங்களுக்குச் சந்தேகக் கேஸ். தோசை மாவு அரிசியும் உளுந்தும்தான், சரி. ஆனால் அதே கல்லில் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ரவா தோசையோ சப்பாத்தியோ போட்டிருப்பார்கள். அதனால் வெளியூர் போனால் சின்ன ரைஸ் குக்கர், அரிசி, வீட்டுப் பருப்புப்பொடி, நெய் எல்லாம் எங்கள் பெட்டியில் வந்துவிடும்.

போன மே மாதம் அத்தையையும் அழைத்துக்கொண்டு, இ-பாஸ் எடுத்து, கொடைக்கானல் போனோம். மத்தியானம் போய்ச் சேர்ந்ததும் பசி. அறையில் குக்கரைப் போட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில், கண்ணாடிக் கதவும் மரமேஜையுமாக ஒரு ஹோட்டல். வாசலில் நிறுத்தியிருந்த கரும்பலகையில் "குளூட்டன் ஃப்ரீ கிடைக்கும்" என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறைதான். மூன்று வருடத்தில் எந்த ஹோட்டல் வாசலிலும் அந்த வார்த்தையை நான் பார்த்ததில்லை.

மெனுவில் நாலு அயிட்டத்துக்குப் பக்கத்தில் கோதுமைக் கதிர் படமும் அதன்மேல் குறுக்குக்கோடும். ஐரோப்பாவில் அது பதிவு செய்யப்பட்ட குறி, உரிமம் வாங்கித்தான் போட முடியும். இங்கே யாரோ டிசைனர் இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். இது இப்போது எழுதும்போது தோன்றுவது. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியை விழுங்கிவிட்டேன். சாதா தோசை 90 ரூபாய், குளூட்டன் ஃப்ரீ ராகி தோசை 220. "இதுல கோதுமை, மைதா எதுவும் வராதே தம்பி?" என்று சப்ளையரிடம் கேட்டேன். "மெனுவுலயே போட்டிருக்கு பாருங்க மேடம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பையன் இரண்டு தோசை சாப்பிட்டான். ஹோட்டலில் எல்லோரோடும் உட்கார்ந்து, எல்லோரையும் போல இலையில் சாப்பிடுவது அவனுக்குப் பெரிய விஷயம். இன்னொன்று கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மணிநேரம் கழித்து ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போது வாந்தி எடுத்தான். ஒருமுறை இல்லை, நாலு முறை. கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீர். "வளைவு அவனுக்கு ஒத்துக்கலடி, வரும்போதே எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் குடுன்னு சொன்னேன்ல" என்றார் அத்தை. கணவரும் அதையே சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மலை ஏறிய பிள்ளை வாந்தி எடுத்தால் வேறென்ன தோன்றும்?

மறுநாள் அறையிலேயே சோறும் பருப்புப்பொடியும். வெளியில் வேகவைத்த சோளக்கதிர், மலைவாழைப்பழம், பேரிக்காய். சாயங்காலம் நன்றாக ஓடி விளையாடினான். ஆக, வளைவுதான் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. மூன்றாம் நாள் காலை, இறங்குவதற்கு முன்னால், "அந்த ஹோட்டலுக்கே போலாம்மா" என்றான். கூட்டிப் போனேன். என் மடத்தனத்தை எந்தக் கணக்கில் எழுத என்று இன்னும் தெரியவில்லை.

அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனான், துணைக்கு நானும் போனேன். வாஷ்பேசினுக்கு எதிரே சமையலறைக் கதவு, பாதி திறந்து கிடந்தது. உள்ளே மாஸ்டர் தோசைக்கல்லில் சப்பாத்தியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எடுத்துத் தட்டில் போட்டார், விளக்குமாற்றால் கல்லை ஒரு தட்டுத் தட்டித் தண்ணீர் தெளித்தார், அதே கல்லில் ராகி மாவை ஊற்றினார். பக்கத்து மேடையில் ஒரு பையன் பாக்கெட்டிலிருந்து மாவைக் கிண்ணத்தில் கொட்டிக் கரைத்துக்கொண்டிருந்தான். ராகி தோசை ரெடிமிக்ஸ். "தம்பி, அந்தக் கவரைக் கொஞ்சம் குடு" என்று வாங்கிப் பார்த்தேன். சேர்மானப் பொருள்கள் என்ற இடத்தில் முதலில் கேழ்வரகு மாவு, அடுத்தது கோதுமை மாவு. அதற்கப்புறம்தான் அரிசி மாவு, உப்பு, பெருங்காயம். எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் அரிசியைவிடக் கோதுமை அதிகம்.

இவனுக்கு எவ்வளவு ஆகும் ஆகாது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்குள் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிறது. ஒரே ஒரு கிராம் கோதுமை மாவில் 80, 100 மில்லிகிராம் வரும். அன்றைக்குக் காலையில் மட்டும் அவன் இரண்டு தோசை சாப்பிட்டிருந்தான்.

கவரை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனேன். மேனேஜர் வாங்கிப் பார்த்தார். நிஜமாகவே குழம்பிய முகம்.

"மைதா இல்லையே மேடம்? கோதுமைதானே இருக்கு? கோதுமை ஹெல்த்திதானே?"

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்குக் குளூட்டன் ஃப்ரீ என்றால் மைதா இல்லாதது, சிறுதானியம், டயட், பெங்களூர்க்காரர்கள் விரும்பிக் கேட்பது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாத ஒன்றுக்கு 130 ரூபாய் கூடுதலாக வாங்கியதும், நான் கேட்டபோது சமையலறைக்குப் போய் ஒரு வார்த்தை விசாரிக்காமல் மெனுவைக் காட்டியதும்தான் எனக்கு ஆறவில்லை. சும்மா சாதா தோசை விற்கிற கடையாக இருந்திருந்தால் கல்லைக் கழுவச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்கியிருப்பேன். அந்தக் குறுக்குக்கோடு போட்ட கதிர்தான் என்னை உட்கார வைத்துவிட்டது.

நான் குரலை உயர்த்தியதும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டென்று, "சாரி மேடம், தோசைக்குக் காசு வேண்டாம், பில்லுல எடுத்துடுறேன்" என்றார். எடுத்தும் விட்டார். எங்கள் பொங்கலுக்கும் வடைக்கும் காபிக்கும் மட்டும் ஜிபேயில் கட்டிவிட்டு வந்தோம். மனுஷன் பரவாயில்லை என்றுகூட அப்போது தோன்றியது.

அப்புறம் மலை இறங்கினோம். வெள்ளி நீர்வீழ்ச்சி, பெருமாள்மலை, ஊத்து என்று ஒவ்வொரு வளைவாகக் காருக்குள் யாரும் பேசவில்லை. நான் பின்சீட்டில் ஒரு காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஜன்னல் வழியாகக் குரங்கு பார்த்துக்கொண்டு வந்தான், கொண்டை ஊசி வளைவில் எல்லாம் ஒன்றும் ஆகவில்லை. மலை முடிந்து, வத்தலக்குண்டு நெருங்குகிற நேர் ரோட்டில், "அம்மா, வயிறு" என்றான். அத்தை கையில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. அவர் அதை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வத்தலக்குண்டு ஊருக்குள் ஒரு சின்ன மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டோம். அங்கிருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். குளூட்டன் என்ற வார்த்தையே எடுக்கவில்லை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, கடைப் பெருங்காயம் ஆகாது என்று மட்டும் சொன்னேன். "சாம்பார் வேணாம்மா, அதுல காயம் போட்டிருக்கு, என்ன கலக்குறானோ எனக்குத் தெரியாது. பானையில சோறு இருக்கு, தயிர் இருக்கு, உப்புப் போட்டுக் கரைச்சுத் தரேன். கரண்டி கழுவித்தான் எடுப்பேன்" என்றார். காசு வாங்க மாட்டேன் என்று வேறு பிடிவாதம். இப்படித்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். பொரிக்கிற இடத்தில் எண்ணெய் தனியா என்று கேட்க வேண்டும், ராகி, கம்பு, மில்லட் என்று எதைச் சொன்னாலும் மாவுப் பாக்கெட்டைக் காட்டச் சொல்ல வேண்டும், இதெல்லாமும் தெரியும். மெனுவில் ஒரு படத்தைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோனது.

மூன்று நாள் வயிற்றுவலி, பள்ளி திறந்து முதல் வாரம் சோர்வு. இப்போது பரவாயில்லை.

சென்னை வந்ததும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் வைத்திருக்கிற, அல்லது மத்திய உரிமம் வாங்கிய ஹோட்டல்கள்தான் ஒவ்வாமைப் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டுமாம். இது ஒற்றைக் கடை. ஆனாலும் இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்றது தவறுதானே. பில் கேட்டார்கள். பையைத் துழாவி எடுத்தேன். பொங்கல் இரண்டு, வடை ஒன்று, காபி மூன்று. ராகி தோசையே இல்லை. அவர் பெருந்தன்மையாக எடுத்துவிட்டாரே. முதல் நாள் பில்லை அன்றைக்கே கசக்கி எறிந்திருந்தேன், ஜிபேயில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. மாவுக் கவரையும் கோபத்தில் கல்லாவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால்தான் பெயர் போடவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் மெனு அட்டை, வாசல் பலகை, மாவுக் கவரின் பின்பக்கம் மூன்றையும் போனில் படம் எடுங்கள். தோசைக்கு முழுக் காசையும் கொடுத்துப் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு, அப்புறம் சண்டை போடுங்கள்.