தாம்பரம் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? டோக்கன் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

2 லட்சம் ரூபாய். வீடு வாங்க டோக்கனாக, அதாவது முன்பணமாக, ஆனி மாதக் கடைசியில் கொடுத்தது. இன்று காலை வாங்கியவர்களுக்குப் போன் செய்தால் என் எண்ணை பிளாக் செய்திருக்கிறார்கள். மனைவியின் போனிலிருந்து அடித்தேன், எடுத்தார்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் வீடு தேடும் ஒரு இணையதளம், அதில் விளம்பரம் போட்ட ஒரு புரோக்கர் ஆபீஸ், அந்த ஆபீஸ் கைகாட்டிய ஒரு பில்டர். மூன்று பேரும் இப்போது ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். தாம்பரத்தில் வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. மின்சார ரயில் இருக்கிறது, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்துவிட்டது, எங்கள் பட்ஜெட்டுக்கு இதைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. இதெல்லாம் என் கட்சி. மனைவியின் கட்சி வேறு. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சி என்று பலகை மாட்டினார்கள். பலகைதான் மாறியது, பல தெருக்களில் கழிவுநீர் எடுக்க இன்னும் லாரிக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கிறது, கோடையில் குடிக்கிற தண்ணீருக்கும் லாரிதான் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டு ஆட்களை மீட்டதை யாரும் மறக்கவில்லை. 2021 மழையிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் மறுபடி தண்ணீர் நின்றது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீர் அடையாறு வழியாக இங்கேதான் வந்தாக வேண்டும்.

இதை எல்லாம் புரோக்கரிடம் நேராகவே கேட்டோம். "சார், அது முடிச்சூர் பிரச்சினை. நம்மது மேற்குத் தாம்பரம், மேடு. அதுவும் மூணாவது மாடி" என்றார். விளம்பரத்திலும் மேற்குத் தாம்பரம் என்றுதான் போட்டிருந்தது. பக்கத்தில் பச்சை டிக் வேறு, 'சரிபார்க்கப்பட்டது' என்று. 940 சதுர அடி, 52 லட்சம்.

அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ப வைப்பதுதான் அவர் தொழில். லிஃப்ட் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். என் அம்மாவுக்கு முட்டிவலி. கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக மூன்று மாடி ஏற்றினார். "பாத்தும்மா, மெதுவா" என்று சொந்தப் பிள்ளை மாதிரி. மேலே போய்ப் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அம்மா அங்கேயே அவரை நம்பிவிட்டார். என் மனைவி மட்டும் "லோன் கிடைக்கலைன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள். உடனே பில்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணே, நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி. லோன் ஆகலைன்னா டோக்கன்?" அந்தப் பக்கம் ஒரு கனத்த குரல்: "ஒரு ரூபாய் பிடிக்காம திருப்பிக் குடுத்துடுறேன்னு சொல்லு. அவங்க பணம் நமக்கு எதுக்கு?"

மூன்று பேரும் கேட்டோம். இன்றைக்கு அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அப்படி ஒரு போனே பேசவில்லை என்கிறார்.

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது, அதற்குள் டோக்கன் போட்டுவிடுங்கள், இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது என்று அவசரப்படுத்தினார்கள். 50 ஆயிரம் ஜிபேயில், ஒன்றரை லட்சம் செக்கில். ஆக 2 லட்சம். ரசீது செக் பாஸான பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் 'முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது'. பணம் வாங்கும்போது இந்த வரியை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

அப்புறம் வங்கிக்குப் பத்திர நகல் போனது. வங்கி வக்கீல் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சார், தாம்பரம்னு சொன்னீங்க, இது வரதராஜபுரம் ஆச்சே?" ஆமாம், மாநகராட்சியே இல்லை. கிராம ஊராட்சி, மாவட்டமே காஞ்சிபுரம். எந்த ஊரை வேண்டாம் என்று சொன்னோமோ அந்த ஊரையே பெயர் மாற்றி எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. அனுமதி வாங்கியது தரைத்தளமும் முதல் தளமும், 4 வீடு. கட்டியது கீழே கார் நிறுத்தம் விட்டு மேலே 3 மாடி, 6 வீடு. நாங்கள் பார்த்த மூன்றாவது மாடி காகிதத்தில் கிடையாது. இல்லாத வீட்டுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? விண்ணப்பம் தள்ளுபடி.

சரி, லோன் ஆகவில்லை, பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டோம். முதலில் "ஆடிட்டர் ஊர்ல இல்ல". பிறகு "ஆடி மாசத்துல பணம் வெளிய போகக்கூடாது சார், நம்ம செண்டிமெண்ட்". வாங்கும்போது இல்லாத செண்டிமெண்ட். ஆவணி பிறந்ததும் "வேற பேங்க்ல ட்ரை பண்ணுங்க, எங்க ஆளு இருக்காரு, வட்டி ஒண்ணரை பர்சன்ட் கூட வரும், அவ்வளவுதான்" என்றார்கள். நேரில் போனால் ஆபீஸில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கிறார். புரோக்கர் சொல்கிறார், பணம் பில்டர் கணக்குக்குப் போய்விட்டது, அவரைக் கேளுங்கள். பில்டர் சொல்கிறார், அதில் பாதி புரோக்கர் கமிஷன், அவரைக் கேளுங்கள். என் 2 லட்சம் இவர்களுக்கு நடுவில் எங்கே தொங்குகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இணையதளக்காரர்கள் இன்னும் மேல். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் கிடைத்த பதில்: பச்சை டிக் என்றால் விளம்பரம் கொடுத்தவரின் மொபைல் எண்ணைச் சரிபார்த்தோம் என்று மட்டும்தான் பொருளாம், வீட்டை அல்ல. புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மெயில் வந்தது. யாருக்குத் தீர்ந்தது?

ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் பதிவு செய்யத் தேவையில்லை என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது. இவர்கள் 6 வீட்டோடு நிறுத்தியிருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இது பலருக்குத் தெரியாது. போலீஸ் புகாரும் எழுதிவிட்டேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில: வக்கீல் பத்திரத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை 5 ஆயிரம் கூடக் கொடுக்காதீர்கள். லோன் ஆகவில்லை என்றால் பணம் திரும்ப வரும் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள், ஸ்பீக்கர் போன் எழுத்தாகாது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், புரோக்கர் கொடுக்கும் நகலை நம்ப வேண்டாம். எந்தக் கிராமம், எந்த மாவட்டம் என்பதைப் பட்டாவில் பாருங்கள், விளம்பரத்தில் அல்ல. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெருமுனை இஸ்திரிக் கடையில் கேளுங்கள்.

அந்த வீடு இன்னும் அதே தளத்தில், அதே பச்சை டிக்கோடு இருக்கிறது. விலை மட்டும் 54 லட்சம் ஆகியிருக்கிறது. மேற்குத் தாம்பரம், மூன்றாவது மாடி, லிஃப்ட் அடுத்த வாரம் என்று யாராவது சொன்னால் முதலில் அனுமதி வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.