லெதர் சீட்: ஆறு வருடமாக நான் ஏமாந்தது பளபளப்பில்தான்

சில மாதங்களுக்கு முன்னால் என் காரின் டிரைவர் சீட்டுக்கு நிறம் ஏற்றிக்கொண்டு வந்தேன். சீட் முழுவதற்கும் இல்லை; ஏறி இறங்கும்போது தொடை உரசும் வலது ஓரத்து மேட்டுக்கு மட்டும். 4,800 ரூபாய் ஆனது. பணம் போனதைவிட அங்கே பார்த்த காட்சிதான் மனதை அறுத்தது. நிறம் அடிப்பதற்கு முன்னால் கடைக்காரர் வெள்ளைப் பஞ்சை ஏதோ திரவத்தில் நனைத்து அந்த மேட்டைத் துடைத்தார். பஞ்சு கருப்பாக வந்தது. அடுத்ததும் கருப்பு. ஐந்தாவது பஞ்சு வரைக்கும் டிகாக்‌ஷன் நிறத்தில் பிசுபிசுவென்று வந்துகொண்டே இருந்தது.

“சாயம் போகுதுன்னு பயப்படாதீங்க சார். இது நீங்க தடவுன க்ரீமும் அதுல ஒட்டுன மண்ணும். இதுதான் உட்கார்ந்து உட்கார்ந்து மேல் பூச்சைத் தேச்சிருக்கு” என்றார்.

லெதர் கண்டிஷனர் என்று விற்கும் அந்தக் க்ரீமை மூன்று வருடம், மாதம் தவறாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கையால் தடவினேன். காருக்கு நல்லது செய்கிறேன் என்று முழுமனதாக நம்பித்தான் செய்தேன்.

அதே வாரத்தில் ஒரு நண்பர் போன் செய்தார். புதுக் கார் பார்க்கிறார். மேல் வேரியன்ட்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் கூடுதல், அதில்தான் லெதர் சீட் வருகிறது. “ஆறு வருஷமா வெச்சிருக்கியே, எடுக்கலாமா?” என்று கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. 2019இல் வாங்கிய கார், 82 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இருப்பது திருச்சியில், சீட் பெய்ஜ் நிறம். இன்ஜின், மைலேஜ் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் சீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோல் என்றால் காயும், காய்ந்தால் வெடிக்கும், எண்ணெய் காட்டினால் பிழைக்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே ஊறிய நம்பிக்கை. புதுத் தோல் செருப்பு வாங்கினால் விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைக்கும் வீட்டில் வளர்ந்தவன். கண்டிஷனர் பாட்டிலிலும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள்: தோலுக்கு ஊட்டம், ஈரப்பதம், பழைய பொலிவு.

என் மனைவியின் பெரியப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலை (டேனரி) ஒன்றில் ஃபினிஷிங் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நிறம் ஏற்றிய கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். “ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் பண்ணுன தோலுக்கு நீங்க செஞ்சது சரி, மாப்பிள்ளை. அது எண்ணெயைக் குடிக்கும். கார் சீட்டுக்குப் போற தோல் வேற சங்கதி” என்றார். குரோமியம் உப்பில் பதப்படுத்தும்போது தோல் நீல நிறமாகிவிடும். அதை அங்கே ‘வெட் ப்ளூ’ என்றே சொல்வார்களாம். அப்புறம் பெரிய மர டிரம்மில் போட்டுச் சுற்றும்போதே தோலின் நாருக்குத் தேவையான எண்ணெயை ஏற்றிவிடுகிறார்கள். காய்ந்து, இழுத்து, சமன் செய்த பிறகு மேலே நிறப்பூச்சு. அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக. “நீங்க தடவுறது தோல் மேல இல்ல, பெயின்ட் மேல” என்று முடித்தார்.

அவர் சொன்னபடி சீட்டின் மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தாமரை இலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. பத்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தது. தண்ணீர் இறங்காத இடத்தில் க்ரீம் மட்டும் எப்படி இறங்கும்? மேலேயே தங்கித் தூசியைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தத் தூசி உப்புத்தாள்போல உரசியிருக்கிறது. பூச்சு போடாத தோல் சில விலை உயர்ந்த கார்களில் வரும். அதில் சொட்டு உள்ளே இறங்கிக் கருக்கும், அதற்கான பராமரிப்பும் வேறு. நம் ஊரில் சாதாரணமாக ஓடும் கார்களில் பெரும்பாலும் பூச்சு போட்டதுதான்.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. சீட்டில் உடம்பு படுகிற பகுதி மட்டும்தான் தோல். வெளிப் பக்கவாட்டு, முதுகுப்புறம், கதவுத் திண்டு எல்லாம் ரெக்சின். தேய்மானம் குறைவான இடத்தில் ரெக்சின் போடுவது குற்றமில்லை, உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் விற்கும்போது “லெதர் சீட் சார்” என்று மட்டும் சொல்லி முழு விலை வாங்கினார்கள் பாருங்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. எது தோல், எது ரெக்சின் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம்.

பளபளப்பு விஷயத்துக்கு வருகிறேன், என் தீராத எரிச்சல் அதுதான். புது லெதர் சீட் பளபளக்காது. ஷோரூமில் பார்த்ததை நினைவுபடுத்திப் பாருங்கள், மங்கலாக, சந்தனக்கட்டையைத் தேய்த்த மாதிரி இருக்கும். நாளாக நாளாக மினுங்கினால் அதன் மேல் வியர்வை, உடம்பு எண்ணெய், பாலிஷ் ஏதோ ஒன்று படிந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொண்ட பிறகு வாட்டர் வாஷுக்கு விடும்போதெல்லாம் “சீட்டுல மட்டும் எதுவும் போடாதீங்க தம்பி” என்று சொல்லித்தான் விடுகிறேன். தலையாட்டுவார்கள். திரும்ப எடுக்கும்போது டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கோன் பாலிஷை சீட்டிலும் பூசி, கண்ணாடிபோல ஆக்கி வைத்திருப்பார்கள். பிரேக் போட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து வழுக்குகிறது. வீட்டுக்கு வந்து அதைத் துடைத்தெடுக்க ஒரு மணி நேரம். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பளபளக்காத காரைக் கொடுத்தால் “துடைக்கவே இல்ல” என்று சண்டை போடுகிற வாடிக்கையாளர்கள்தான் அவர்களை இப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

இப்போது நான் செய்வது மிகக் குறைவு. வாரம் ஒருமுறை நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம். முதலில் தையல் இடுக்குகளில் வேக்குவம். இதை விடவே கூடாது. கோயிலுக்குப் போய் வந்தால் விபூதி சீட்டில் கொட்டியிருக்கும். ஈரத்துணியை முதலில் வைத்தால் அது குழைந்து தோலின் வரிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த தூசி போன பிறகு, லெதருக்கென்று விற்கும் காரமில்லாத கிளீனரைப் பிரஷ்ஷில் எடுத்துக்கொள்கிறேன். நேராக சீட்டில் தெளிப்பதில்லை. மென்மையான பிரஷ்ஷால் நுரை வரும்வரை வட்டமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் அரை சீட் போதும். அப்புறம் வெறும் ஈரத்துணி, கடைசியில் காய்ந்த துணி. நிழலில் கதவைத் திறந்து வைத்துக் காயவிடுவேன். சின்னச் சின்னத் துளை போட்ட சீட்டாக இருந்தால் பிரஷ்கூட வேண்டாம், கிளீனரைத் துணியில் மட்டும் எடுங்கள். துளைக்குள் இறங்கிய அழுக்குத் தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது.

பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்புத் தூள், கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் சீட் பக்கம் வரக்கூடாது. வெள்ளையாக ‘மேஜிக்’ என்று விற்கும் ஸ்பாஞ்சும் மிக நுண்ணிய உப்புத்தாள்தான், அழுக்கோடு பூச்சையும் சுரண்டிவிடும். சானிடைசரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020இல் கையில் சானிடைசர் ஈரம் காயாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்தே அதன் தோல் இரண்டு பக்கமும் உரிந்துபோனது. ஆல்கஹால் அந்த மேல் பூச்சை இளக்கிவிடும்.

கறைகளில் ஜீன்ஸ் நீலம்தான் மோசம். பெய்ஜ் சீட்டில் புது ஜீன்ஸோடு நீண்ட பயணம் போனால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். விட்டால் சாயம் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். என் சீட்டில் ஒரு நீலத் திட்டு ஆறாவது வருடமாக இருக்கிறது. மஞ்சள் கறை நேர் எதிர். வழியில் மகள் எலுமிச்சை சாதத்தைக் கொட்டிவிட்டாள். துடைத்தும் மஞ்சள் போகவில்லை, அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஜன்னலோர சீட் என்பதால் வெயில் பட்டுப் பட்டு, சில வாரங்களில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. நம் சாப்பாட்டுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அப்படியென்றால் கண்டிஷனரே வேண்டாமா? முழுக்க ஒதுக்கவில்லை. எண்ணெய்ப்பசை இல்லாத, தண்ணீர் சேர்த்த வகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சுத்தம் செய்த சீட்டில் துளியூண்டு தேய்த்து, பத்து நிமிடத்தில் காய்ந்த துணியால் முழுக்க எடுத்துவிடுகிறேன். தோலுக்கு ஊட்டம் என்று நினைத்துச் செய்யவில்லை. உரசல் குறைகிறது, சீட் கிறீச்சிடுவது நிற்கிறது, சாயம் ஒட்டுவதும் குறைகிறது. தடவிய பிறகு கை வழவழத்தால் கூடிப்போயிற்று என்று பொருள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பகிர்வு முழுமையாகாது. அப்பா துறையூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பார். பின்சீட் இடதுபக்கம் அவருடைய இடம். அந்த ஹெட்ரெஸ்ட்டில் வட்டமாக ஒரு கருமை விழ ஆரம்பித்ததும் நான் ஒரு துண்டைப் போட்டேன். எதுவும் சொல்லவில்லை, போட்டேன், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. பழனிக்குப் போய் வந்த அந்தப் பயணம் முழுக்க, போகும்போதும் வரும்போதும், தலையைச் சாய்க்காமலே நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எழுபத்து நாலு வயது. ஊர் வந்து சேர்ந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அந்தக் கருமை, மேலே சொன்ன கிளீனரில் ஐந்து நிமிட வேலை. பூச்சு இருப்பதால் எண்ணெய் உடனே உள்ளே போகாது. மாதக்கணக்கில் விட்டால்தான் பூச்சை இளக்கும். என் பழைய காரின் துணி ஹெட்ரெஸ்ட்டில் இதே எண்ணெய் இறங்கி, ஷாம்பு போட்டும் போகாமல், விற்கும்வரை வாடை அடித்தது. லெதரில் எனக்குப் பிடித்த குணம் இதுதான். வாந்தியோ சாம்பாரோ எண்ணெயோ, உடனே கவனித்தால் எதையும் மன்னித்துவிடுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு நான் கொடுத்த பதில்: எடுக்காதே, துணி சீட் வேரியன்ட்டே போதும். ஏனென்றால் அவர் அலுவலகத்தில் கார் நிற்பது வெட்டவெளியில். மே மாதம் இரண்டு மணிக்கு, 40 டிகிரி வெயிலில் நின்ற காரின் லெதர் சீட்டில் உட்காருவது என்னவென்று தினமும் அனுபவிக்கிறேன். ஷர்ட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முன்கண்ணாடிக்குத் திரை போட்டாலும் ஏசி வேலை செய்யும்வரை நரகம்தான். அந்த ஒரு லட்சத்துக்கு நல்ல டயரும் நாலு வருட இன்ஷூரன்ஸும் வரும். போனை வைத்த பிறகும் என் பதிலை மாற்றத் தோன்றவில்லை. “அப்போ உன் காரை விக்கிறியா?” என்று கேட்டார். அதற்கு மட்டும் மாட்டேன் என்றேன்.

இந்த வெள்ளிக்கிழமை அப்பா வருகிறார். பின்சீட்டிலிருந்து துண்டை எடுத்துவிட்டேன்.